டைட்டில் ஒன் தொடக்கப் பள்ளியில் பிள்ளை படிக்கிறதா? பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி முடியும்வரை நடைவழியில் காத்திருக்கும் பெற்றோரில் நானும் ஒருத்தி. என் இரண்டு பிள்ளைகளும் டைட்டில் ஒன் தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள். அங்கே சில வருடங்கள் பெற்றோர் குழுவில் இருந்தேன். அது தெரிந்ததிலிருந்து யாராவது ஒருவர் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி ஏதாவது கேட்பார். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்க ஸ்கூல் டைட்டில் ஒன் ஸ்கூலாம். அப்படின்னா மட்டமான ஸ்கூலா?

இல்லை. வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கு ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு, கூடுதலாகத் தரும் பணத்துக்குத்தான் டைட்டில் ஒன் என்று பெயர். 1965-இல் வந்த தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தின் முதல் பகுதி அது. பெயரும் அங்கிருந்துதான் வந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் அந்தச் சட்டத்தில் டெக்சாசில், தான் சிறு வயதில் படித்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். அவரே இளம் வயதில் கொட்டுல்லா என்ற ஊரில் ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அதை நினைத்தால் இந்தச் சட்டம் எனக்கு வெறும் காகிதமாகத் தெரிவதில்லை.

சட்டம் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட வடிவம். கீழே சொல்லும் உரிமைகள் பெரும்பாலும் அதில் உள்ளவை. வேறு சட்டத்திலிருந்து வந்தால் அந்த இடத்தில் சொல்கிறேன்.

நாங்க ஐ.டி.யில இருக்கோம், வருமானம் பரவாயில்லை. எங்க பையனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். பணம் பள்ளிக்கு வருவதற்குத்தான் வறுமைக் கணக்கு. பள்ளிக்குள் வந்தபின் உங்கள் சம்பளச் சீட்டை யாரும் பார்ப்பதில்லை. பொதுவாக 40 சதவீதமோ அதற்கு மேலோ ஏழைப் பிள்ளைகள் இருக்கும் பள்ளி, பணத்தை மொத்தப் பள்ளியின் மேம்பாட்டுக்கே செலவிடலாம். அங்கே எல்லாப் பிள்ளைகளும் பயனடைவார்கள், எல்லாப் பெற்றோருக்கும் உரிமை உண்டு. மற்ற பள்ளிகளில் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து உதவுவார்கள். அந்தத் தேர்வுக்கும் அளவுகோல் படிப்புதான்.

நம்ம ஸ்கூல் அந்த லிஸ்டுல இருக்கான்னு எப்படித் தெரியும்?

அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள். ஒவ்வொரு டைட்டில் ஒன் பள்ளியும் வருடத்துக்கு ஒருமுறை பெற்றோரைக் கூட்டி, இந்தப் பணம் என்ன, உங்கள் உரிமை என்ன என்று விளக்கியே ஆக வேண்டும். பெரும்பாலும் பள்ளி திறந்த சில வாரங்களில், பெற்றோர் வகுப்பறையைப் பார்க்க வரும் மாலையோடு சேர்த்து நடத்திவிடுவார்கள். நம்மவர்கள் வகுப்பறையைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் மேஜையைப் படமெடுத்துக்கொண்டு, கூட்டம் தொடங்கும்முன் கிளம்பிவிடுகிறார்கள். அந்த அரை மணி நேரம் இருங்கள்.

வேலை நேரம் ஒத்துவரவில்லை என்றால் அதையும் சொல்லலாம். காலையிலோ மாலையிலோ என்று வசதியான நேரங்களில் கூட்டம் வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வந்துபோக வண்டி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் போன்றவற்றுக்கும் பள்ளி இந்தப் பணத்தைச் செலவிடலாம்.

நாங்க சிட்டிசன் இல்லையே. கணவரோட வேலை வீசாவை ஒட்டிக் கிடைச்ச எச்-4ல இருக்கேன். நான் போய்க் கேட்டா வீசாவுக்கு ஏதாவது ஆகுமா?

பெற்றோரின் உரிமை குடியுரிமையைப் பொறுத்ததல்ல. ஆவணமே இல்லாத பிள்ளைகளுக்குக்கூட அரசுப் பள்ளியின் கதவை அடைக்கக் கூடாது என்று 1982-இல் பிளைலர் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கேள்வி கேட்பதாலோ கடிதம் எழுதுவதாலோ உங்கள் வீசாவுக்கு எதுவும் ஆகாது.

எச்-4இல் இருப்பவர்கள் வகுப்பில் கதை படித்துக் காட்டுவது, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது போல, பெற்றோர் வழக்கமாகச் சம்பளமில்லாமல் செய்யும் உதவிகளைச் செய்யலாம். மற்றவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை மட்டும் இலவசமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பையில ஒரு காகிதம் வந்தது, 'ஸ்கூல் பேரண்ட் காம்பாக்ட்'னு. கையெழுத்துப் போட்டு அனுப்பிடலாமா?

படித்துவிட்டுப் போடுங்கள். முதல் வருடம் என் பிள்ளையின் பையின் அடியில், பாதி தின்ற வாழைப்பழத்தோடு ஒட்டிக்கொண்டு அது கிடந்தது. துடைத்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இன்றும் அதை நினைத்து வருந்துகிறேன், ஏனென்றால் அந்த ஒற்றைக் காகிதத்தில்தான் பள்ளி நமக்குத் தரும் வாக்குறுதி இருக்கிறது.

பள்ளி என்ன செய்யும், பெற்றோர் என்ன செய்வார்கள், பிள்ளை எப்படி நல்ல மதிப்பெண் எட்டும் என்று இரு தரப்பும் சேர்ந்து எழுதும் உடன்பாடு அது. தொடக்கப் பள்ளியில் வருடத்துக்கு ஒருமுறையாவது ஆசிரியர்–பெற்றோர் சந்திப்பு, பிள்ளையின் முன்னேற்றம் பற்றி அவ்வப்போது அறிக்கை, ஆசிரியரைச் சந்திக்கவும் வகுப்பில் உதவவும் வகுப்பைப் பார்க்கவும் நியாயமான வாய்ப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். அதை உருவாக்குவதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. ஒரு வரி பிடிக்கவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் மாற்றச் சொல்லலாம். கையெழுத்துப் போடாததற்காகப் பிள்ளைக்கு உதவி நிற்காது.

டீச்சருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது? நாம போய்க் கேட்டா தப்பா நினைப்பாங்களே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ஆசிரியரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். சந்திப்பில் அவர் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டு, 'தாங்க்யூ' சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம். அது நம் மரியாதை. ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது மரியாதையாகப் போய்ச் சேர்கிறதா?

என் மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது கணக்கில் தடுமாறினான். வீட்டில் தினமும் அழுகை. சந்திப்புக்கு நானும் கணவரும் போனோம், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருடம் அவனுடைய பதிவேட்டைப் பார்க்க நேர்ந்தது. அந்தச் சந்திப்பின் குறிப்பில், பெற்றோருக்குக் கவலை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. ஆசிரியை பொய் எழுதவில்லை. நாங்கள் காட்டியதைத்தான் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்து கேட்கக் கற்றுக்கொண்டேன்.

இங்கே கேள்வி கேட்கும் பெற்றோரை அக்கறையுள்ள பெற்றோராகத்தான் பார்க்கிறார்கள். 'இவன் வகுப்பு மட்டத்தில் படிக்கிறானா? இல்லையென்றால் எவ்வளவு பின்னால் இருக்கிறான்? அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?' இவற்றைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பதில்களையும் அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

டீச்சர் என்ன படிச்சிருக்காங்கன்னு கேட்கிறது மரியாதைக் குறைவு இல்லையா?

சட்டம் வெளிப்படையாகக் கொடுத்திருக்கும் உரிமை அது. டைட்டில் ஒன் பணம் வாங்கும் டிஸ்ட்ரிக்ட் (உங்கள் வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), வருடத் தொடக்கத்தில் இந்த உரிமை உங்களுக்கு உண்டு என்று அறிவிக்க வேண்டும். ஆசிரியர் அந்த வகுப்புக்கும் பாடத்துக்கும் மாநிலம் கேட்கும் தகுதியும் உரிமமும் பெற்றவரா, தற்காலிக அனுமதியில் இருக்கிறாரா, எந்தத் துறையில் சான்றிதழ் பெற்றவர் என்றெல்லாம் கேட்கலாம். வகுப்பில் உதவியாளர் பாடம் சொல்லித் தருகிறார் என்றால் அவருடைய தகுதியையும் கேட்கலாம்.

எங்க பொண்ணுக்கு ஒண்ணரை மாசமா சப்ஸ்டிட்யூட்தான் வராங்க. யாரும் எதுவும் சொல்லலையே?

சான்றிதழ் தகுதி இல்லாத ஒருவர் தொடர்ந்து 4 வாரமோ அதற்கு மேலோ பாடம் எடுத்தால், நீங்கள் கேட்காமலே பள்ளி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வந்திருப்பவர் தகுதியுள்ளவராகவும் இருக்கலாம், அப்படியானால் கடிதம் வராது. முந்தைய பதிலில் சொன்னபடி கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிரந்தர ஆசிரியர் எப்போது வருவார் என்ற கேள்வியையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் தடுமாறும். மீட்டிங்ல பொண்ணையே பேச வெச்சுக்கறேன், பரவாயில்லையா?

வேண்டாம். ஒரு தோழியுடன் அப்படியொரு சந்திப்புக்குப் போயிருந்தேன். ஒன்பது வயது மகள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். "வேகமாகப் படிக்கிறாள், ஆனால் படித்ததில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, அதுதான் எனக்குக் கவலை" என்றார் ஆசிரியை. மகள் அம்மா பக்கம் திரும்பி, "நான் வேகமா படிக்கிறேனாம்மா" என்றாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. குழந்தை மேல் தவறே இல்லை. தன் குறையைத் தானே அம்மாவிடம் சொல்லும் பாரத்தை அவள் தோளில் ஏற்றியது பெரியவர்கள்.

பெற்றோருக்குப் போகும் தகவல், முடிந்தவரை அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று டைட்டில் ஒன் சட்டம் சொல்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் பள்ளியிலேயே இருக்க மாட்டார். ஆனால் பல டிஸ்ட்ரிக்ட்டுகள் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் சேவையை வைத்திருக்கின்றன. சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பே, 'எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று எழுத்தில் கேளுங்கள். வெறுமனே 'இந்திய மொழி' என்றால் இந்தி பேசுபவர் வந்துவிடுவார், ஆகவே தமிழ் என்றே எழுதுங்கள்.

வீட்ல தமிழ் பேசறோம்னு ஃபார்ம்ல எழுதினா இ.எஸ்.எல்.ல போட்டுடுவாங்களாமே? இங்கிலீஷ்னே எழுதிடலாமா?

உண்மையை எழுதுங்கள். வீட்டு மொழி படிவம் முதல் படி மட்டுமே. தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று வைப்பார்கள். அதில் தேறினால் இ.எஸ்.எல். வகுப்புக்கு, அதாவது வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்புக்கு, போக வேண்டியதில்லை. தேறவில்லை என்றால் பிள்ளைக்கு அந்த உதவி தேவைப்படுகிறது என்று பொருள். படிவத்தில் மறைத்து அந்த உதவியை இழக்கச் செய்யாதீர்கள்.

சேர்த்தால் பள்ளி திறந்த 30 நாட்களுக்குள் உங்களுக்குக் கடிதம் வர வேண்டும். வருட நடுவில் சேர்ந்த பிள்ளை என்றால் 2 வாரத்துக்குள். ஏன் சேர்த்தார்கள், ஆங்கிலம் எந்த மட்டத்தில் இருக்கிறது, எப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள், எப்போது வெளியே வரலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மறுத்தாலும், தேறும்வரை வருடாந்தர ஆங்கிலத் திறன் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். பிள்ளை முன்னேறுகிறதா என்று கவனிக்கும் கடமையும் பள்ளியை விட்டுப் போகாது. மறுப்பதற்கு முன் அந்த வகுப்பு எத்தனை மணிக்கு, எந்தப் பாடத்தை விட்டுவிட்டு நடக்கிறது என்று விசாரியுங்கள். பல வீடுகளில் சிக்கல் நேர அட்டவணையில்தான் இருக்கிறது.

இதுவும் பிடிஏவும் ஒண்ணுதானா?

வேறு வேறு. பிடிஏ பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து நடத்தும் சங்கம். சந்தா கட்டுவீர்கள், கேக் விற்றுப் பணம் சேர்ப்பீர்கள். டைட்டில் ஒன் கூட்டத்துக்குச் சந்தாவும் இல்லை, உறுப்பினர் அட்டையும் இல்லை. அங்கே பேசுவது அரசுப் பணம் பற்றி.

அந்தப் பணத்துல பெற்றோருக்குன்னு ஏதாவது உண்டா?

உண்டு, இது பலருக்குத் தெரியாது. 5 லட்சம் டாலருக்கு மேல் டைட்டில் ஒன் பணம் பெறும் டிஸ்ட்ரிக்ட், அதில் குறைந்தது 1 சதவீதத்தைப் பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்கியதில் குறைந்தது 90 சதவீதம் பள்ளிகளுக்குப் போக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 லட்சம் டாலர் வந்தால் 20,000 டாலர் ஒதுக்க வேண்டும், அதில் 18,000 பள்ளிகளுக்கு. அதை எப்படிச் செலவிடுவது என்ற முடிவில் பெற்றோருக்கும் பங்கு உண்டு.

எங்கள் கூட்டத்தில் ஒரு வருடம் அந்தப் பணம் முழுவதும் பெயர் அச்சிட்ட பைகளுக்கும் பேனாக்களுக்கும் போவதாக இருந்தது. ஒரு தந்தை எழுந்து, இரவு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மதியத்தில் கணக்குப் பட்டறை வைக்க முடியுமா என்று கேட்டார். வைத்தார்கள். அவர் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்.

மாநிலத் தேர்வு எழுத வேண்டாம்னு சொல்லலாமா?

மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வருடந்தோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்க வேண்டும் என்பது ஃபெடரல் விதி. பிள்ளையை எழுதாமல் நிறுத்தலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். உங்கள் மாநில விதி என்ன என்று கேட்டால் டிஸ்ட்ரிக்ட் சொல்லியாக வேண்டும். அந்த மதிப்பெண் அறிக்கைதான் வகுப்புக்கு வெளியே இருந்து பிள்ளையை அளக்கும் ஒரே தாள் என்பதால், நான் என் பிள்ளைகளை எழுத வைத்தேன்.

பையனைப் பத்தி ஸ்கூல்ல என்ன எழுதி வெச்சிருக்காங்கன்னு பார்க்கலாமா?

பார்க்கலாம். இது பள்ளிப் பதிவேடுகள் பற்றிய, 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம். டைட்டில் ஒன் இல்லாத அரசுப் பள்ளிகளுக்கும் பொருந்தும். எழுதிக் கேட்டால் 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும். மேலே சொன்ன 'கவலை எதுவும் இல்லை' என்ற குறிப்பை நான் பார்த்தது இப்படித்தான். தவறான தகவல் இருந்தால் திருத்தக் கோரலாம். மறுத்தால் விசாரணை கேட்கலாம். அதுவும் தோற்றால், உங்கள் தரப்பை எழுதிக் கொடுத்து அந்தப் பதிவேட்டிலேயே சேர்க்கச் செய்யலாம். மதிப்பெண்ணை உயர்த்தச் சொல்லும் வழி மட்டும் இதில் இல்லை.

மணவிலக்கு ஆனவர்களும் கேட்கிறார்கள். நீதிமன்ற உத்தரவோ சட்டமோ தடுக்காத வரை, தாய், தந்தை இருவருக்குமே இந்த உரிமை உண்டு.

படிப்புல ரொம்பப் பின்தங்கியிருக்கா. ரெண்டு மொழி பேசறதாலதான்னு சொல்றாங்க. டைட்டில் ஒன் டீச்சர்கிட்ட அனுப்பறாங்க. அது போதுமா?

போதாமலும் போகலாம். டைட்டில் ஒன் வாசிப்பு ஆசிரியர் தருவது கூடுதல் பயிற்சி. கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிப்பது, குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான ஐடியா என்ற வேறொரு சட்டத்தின் வழி. இரண்டு மொழி பேசுவதால் யாருக்கும் கற்றல் குறைபாடு வருவதில்லை. அதே சமயம், இரண்டு மொழி பேசும் குழந்தைக்கும் அது இருக்கலாம். தமிழிலும் ஒலிகளைப் பிரித்துச் சொல்ல, சொன்ன கதையைத் திருப்பிச் சொல்லச் சிரமப்படுகிறாள் என்றால் அதைப் பள்ளியிடம் சொல்லுங்கள். வீட்டு மொழியில் நடப்பதை அவர்கள் பார்க்க வழியில்லை.

பரிசோதனை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஒப்புக்கொண்டால் உங்கள் சம்மதம் வாங்கியபின் 60 நாட்களுக்குள், அல்லது உங்கள் மாநிலம் குறித்திருக்கும் காலத்துக்குள் முடிக்க வேண்டும். 'இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று வாய்வார்த்தையில் சொன்னதை நம்பி ஒரு வருடத்தைத் தொலைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் கேட்டாச்சு, ஸ்கூல் கண்டுக்கவே இல்ல. அடுத்து யார்கிட்ட போறது?

ஆசிரியர், பிரின்சிபல், டிஸ்ட்ரிக்ட்டில் டைட்டில் ஒன் பொறுப்பாளர், பிறகு மாநிலக் கல்வித் துறை என்ற வரிசையில் போங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் புகார்களை விசாரிக்க ஒவ்வொரு மாநிலமும் எழுதி வைத்த நடைமுறை வைத்திருக்க வேண்டும். பள்ளியின் மொத்த மேம்பாட்டுத் திட்டமே பெற்றோருக்கு ஏற்கவில்லை என்றால், அவர்களின் எதிர்ப்புக் கருத்துகளையும் திட்டத்தோடு சேர்த்துத்தான் டிஸ்ட்ரிக்ட்டுக்கு அனுப்ப வேண்டும். இனம், நிறம், பிறந்த நாடு காரணமாகப் பாகுபாடு என்றால் ஃபெடரல் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் 180 நாட்களுக்குள் புகார் செய்யலாம்.

கல்வித் துறையையே மூடப் போறாங்கன்னு சொல்றாங்களே. இந்த உரிமையெல்லாம் போயிடுமா?

2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் அதற்கான உத்தரவில் கையெழுத்திட்டதிலிருந்து இந்தக் கேள்வி வருகிறது. டைட்டில் ஒன் 1965-இல் வந்தது. கல்வித் துறையை உருவாக்கிய சட்டம் 1979-இல் வந்தது. துறை பிறப்பதற்கு முன்பே இந்த உரிமையின் வேர் இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தை மாற்றாத வரை பள்ளியின் கடமையும் மாறாது. மேலிருந்து தட்டிக் கேட்கும் அலுவலகம் பலவீனமானால், கீழிருந்து பெற்றோர் கேட்பது முன்னைவிட அவசியமாகிறது.

சரி, எழுத்துல கேளுங்கன்னு எல்லாத்துக்கும் சொல்றீங்க. என்னன்னு எழுதறது?

நான்கைந்து வரி போதும். மின்னஞ்சலிலேயே அனுப்பலாம், தேதி தானாகப் பதிவாகிவிடும். தமிழில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலப்படுத்துவது எனக்கு வசதி. என் மகனுக்காக நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

'வணக்கம். என் மகன் உங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கணக்கில் அவன் வகுப்பு மட்டத்தைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறான், அதற்குப் பள்ளியில் வாரத்துக்கு எத்தனை முறை, யார் உதவுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இதைப் பற்றிப் பேச ஒரு நேரம் கொடுங்கள். மாலை 4 மணிக்குப் பிறகு எனக்கு வசதி. இரண்டு வாரத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். நன்றி.'

நான்காவது நாள் பதில் வந்தது.